வியாதியிலும் மேல்சாதி, கீழ்சாதி

சென்னையில் வியாதிக்கும் சாதி உண்டு. சர்க்கரை வியாதி மேல்சாதி. அதைச் சபையில் சொல்லலாம். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, "எனக்குச் சீனி போடாம குடும்மா, சுகர் இருக்கு" என்று நிமிர்ந்து உட்கார்ந்து அறிவிக்கலாம். மாரடைப்பு அதற்கும் ஒரு படி மேலே. எத்தனை ஸ்டென்ட் என்பது குலப்பெருமை. நுரையீரல் நோய் நடுச்சாதி. இருமினாலும் "டஸ்ட் அலர்ஜி" என்று சொல்லித் தப்பிக்கலாம். ஈரல் கெட்டுச் சாவதுதான் தீண்டத்தகாதது. அதை வீட்டார் "மஞ்சக்காமாலை" என்று சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கிப் போவார்கள்.

ஆகவே, இந்த வியாதிகளைக் கொண்டுவரும் புகை, கொழுப்பு, குடி மூன்றில் எது பெரிய கேடு என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் பதில் தயார்: பக்கத்துத் தெருக்காரன் செய்வது.

லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை ஆறரை மணிக்குப் போய்க் காது கொடுங்கள். "ஃபாஸ்டிங் எவ்வளவு சார்?" "நூத்தி அறுபது." "பரவாயில்லையே, எனக்கு நூத்தி தொண்ணூறு." தோற்றவர் ஜெயித்தவரைப் பொறாமையோடு பார்க்கிறாரா, ஜெயித்தவர் தோற்றவரையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நடை முடிந்ததும் ஜமா அப்படியே மயிலாப்பூர் மெஸ் பக்கம் நகரும். இலையில் நெய் மிதக்கும் பொங்கல், பக்கத்தில் வடை, பிறகு இன்னொரு வடை. அரை மணி நேர நடையில் எரித்த கலோரியைப்போல மூன்று மடங்காவது அந்த இலையில் இருக்கும். சாப்பிட்டுக்கொண்டே பேச்சு நாட்டு நடப்புக்குத் திரும்பும்: "இந்த டாஸ்மாக்கை மட்டும் மூடிட்டா தமிழ்நாடு உருப்பட்டுடும் சார்." சொல்லிவிட்டு நெய்யை இன்னொரு கரண்டி கேட்பார். அவர் சட்டைப்பையில் மெட்ஃபார்மின் அட்டை இருக்கும். வெற்றிலையோடு பன்னீர்ப் புகையிலை மெல்லும் பெரியவர் ஒருவரும் அந்த வட்டத்தில் இருப்பார். அது புகையிலைக் கணக்கில் சேராது. சம்பிரதாயக் கணக்கில் சேரும்.

2023 ஜனவரியில் ரஜினிகாந்த் சென்னையில் ஒரு மேடையில் இந்த மூன்றையும் சேர்த்துப் பேசினார். ஒய்.ஜி. மகேந்திரனின் 'சாருகேசி' நாடகத்துக்கான விழா. கண்டக்டராக இருந்த காலத்தில் தினமும் குடி, பாக்கெட் பாக்கெட்டாக சிகரெட், காலையிலேயே ஆட்டுக்கறி என்று இருந்ததாகவும், மூன்றும் அளவு மீறிச் சேர்ந்தால் அறுபதைத் தாண்டுவது அரிது என்றும், மனைவி அன்பால் தன்னை மாற்றியதாகவும் சொன்னார். ஒரு தலைமுறைக்கே சிகரெட்டைச் சுண்டிப்போட்டு உதட்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அதை மேடையேறிச் சொன்னதில் நேர்மை இருக்கிறது. ஆனால் ஊர் அதை எப்படிக் கேட்டது? சைவக்காரர்கள் தங்களுக்குக் கிடைத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டார்கள். குடிக்காமல் கறி மட்டும் தின்பவர், "மூணும் சேர்ந்தாத்தானே?" என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார். மூன்றும் செய்பவர் "தலைவரே எழுபதைத் தாண்டிட்டாரு" என்றார். தமிழனுக்கு அறிவுரை சொல்வது கடினமே இல்லை. சொன்னதில் தனக்கு வேண்டிய பாதியைப் பிய்த்துக்கொண்டு போவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். குடியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் பொய் அதிகம்.

தி. நகரில் ரங்கநாதன் தெருப் பக்கம் ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நின்றே வேலை பார்த்துவிட்டு, இரவு ஒன்பதே முக்காலுக்கு டாஸ்மாக்குக்கு ஓடும் பையனிடம் கேளுங்கள். "ஒரு குவாட்டர்தாண்ணே" என்பான். குவாட்டர் 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். எடைக்கு மாற்றினால் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனம் ஒரே அமர்வில் 60 கிராமுக்குப் போனால் அதை 'மிகையான குடி' என்ற கணக்கில் எழுதுகிறது. அதாவது நம் அரசாங்கம் விற்கும் சரக்கில் ஆகச் சிறிய பாட்டிலே மிகைக் குடிக்கான அளவு. கல்லாவில் காசை நீட்டும்போதே நீங்கள் அந்தப் பட்டியலில் ஏறிவிடுகிறீர்கள். பாதியைக் கூட்டாளிக்குக் கொடுத்துக் 'கட்டிங்' போடுகிறவன்தான் தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் இருக்கிறான். அவனைத்தான் நாம் அற்பன் என்கிறோம்.

இப்போது அடையாறு பக்கம் வாருங்கள். எஃப்.எல்.2 உரிமம் பெற்ற கிளப். குளிர்சாதனம், பிரம்பு நாற்காலி, வெள்ளைச் சீருடையில் பணியாளர். இங்கே யாரும் குடிப்பதில்லை; 'சோஷியல்'தான். "மூணு லார்ஜோட நிறுத்திடுவேன்" என்பார் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. லார்ஜ் ஒன்று 60 மில்லி. மூன்று லார்ஜ் 180. வாழ்த்துகள் ஐயா, நீங்கள் ஒரு குவாட்டர் அடித்திருக்கிறீர்கள். பாட்டில் ஸ்காட்லாந்திலிருந்து வந்ததா, உள்ளூர் ஆலையிலிருந்து வந்ததா என்று ஈரல் லேபிள் பார்ப்பதில்லை. வித்தியாசம் ஒன்று உண்டு: உங்களை டிரைவர் வீட்டில் கொண்டுபோய் விடுவார்; அவனை போலீஸ்காரர் ஊதச் சொல்வார். நீங்கள் சாய்ந்தால் 'ஃபேட்டி லிவர்'. அவன் சாய்ந்தால் 'குடிகார நாய்'.

2019-ல் உலகம் முழுக்க மதுவால் 26 லட்சம் பேர் செத்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்றும் 2023 ஜனவரியில் அது வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இதயத்துக்கு நல்லது என்று ரெட் ஒயின் ஊற்றிக்கொள்ளும் அடையாற்று அன்பர்கள் அந்தச் செய்தி வந்த அன்று பேப்பர் வாங்கவில்லை போலும். மற்ற இரண்டுக்கும் இல்லாத ஒரு குணம் குடிக்கு இருக்கிறது. பொங்கல் தின்றவன் பெண்டாட்டியை அடிப்பதில்லை. சிகரெட் பிடித்தவன் அந்த போதையில் நடைபாதையில் தூங்குபவர் மேல் காரை ஏற்றுவதில்லை. குடிக்காதவர் உடம்பிலும் காயத்தைப் பதிவு செய்வதில் மதுவுக்கு இணை கிடையாது. தூக்குக் கயிற்றில் தொங்கும் கடனையும் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளையையும் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் தேடாதீர்கள், கிடைக்காது.

ஆனால் ஆளுக்கு ஆள் வைத்துப் பார்த்தால் கொலையில் முதலிடம் புகையிலைக்குத்தான். இதில் வழவழப்புக்கு இடமே இல்லை. விடாமல் பிடிப்பவர்களில் பாதிப் பேர் வரை அதனாலேயே சாகிறார்கள். பிரிட்டிஷ் டாக்டர்களை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு, சராசரியாக 10 ஆண்டு ஆயுள் போவதாக 2004-ல் கணக்கு முடித்தது. வெள்ளைக்காரன் நுரையீரல் வேறு, நம்ம பாடி வேறு என்பவர்களுக்காக நம் ஊரிலேயே செய்த ஆய்வும் இருக்கிறது. சென்னை ஆய்வாளர் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் 43,000 ஆண்களின் சாவுகளை வீடு வீடாக விசாரித்து, உயிரோடு இருந்த 35,000 பேரோடு ஒப்பிட்டார்கள். 2003-ல் 'லான்செட்' இதழில் வந்தது. புகைப்பவருக்குக் காசநோயால் சாகும் வாய்ப்பு நாலு மடங்குக்கும் மேல். இந்தியாவில் காசநோயால் சாகும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகை காரணம். நடுவயதில் சாகும் ஆண்களில் நாலில் ஒருவர் சாவுக்கும் அதுவே. சென்னையின் சாவுப் பதிவேட்டைத் தோண்டி எடுத்த உண்மை இது. உலகமெல்லாம் மேற்கோள் காட்டுகிறார்கள். சென்னைக்காரனுக்குத்தான் தெரியாது, அவன் "சிகரெட்டுன்னா கேன்சர், அது வந்தாப் பாத்துக்கலாம்" என்று இன்னும் ஒன்றைப் பற்றவைக்கிறான்.

பற்றவைக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? பாண்டி பஜார் சந்து முனையில் பெட்டிக்கடை. கயிற்றில் தொங்கும் லைட்டர். டீ ஒரு கையில், தம் ஒரு கையில். சிகரெட் பெட்டியின் இரண்டு பக்கத்திலும் 85 சதவீத இடத்துக்குப் புண் வைத்த படம் போடவேண்டும் என்று 2016 ஏப்ரல் முதல் சட்டம். அற்புதமான சட்டம். ஆனால் வாங்குகிறவன் பெட்டியா வாங்குகிறான்? சில்லறையாக ஒன்று. பெட்டி கடைக்காரரிடம் இருக்கும். படத்தை நாள் பூராவும் பார்ப்பவர் அவர்தான். பாவம், அவர் புகை பிடிப்பதில்லை. பொது இடத்தில் புகைக்கத் தடை வந்தது 2008 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜெயந்தி அன்று. தடையை எழுதிய பலகைக்குக் கீழேயே நின்று ஊதும் பழக்கமும் அன்றே பிறந்திருக்க வேண்டும். இத்தனை சட்டத்துக்குப் பிறகு, இரண்டு தேசிய ஆய்வுகளுக்கு இடையில் இந்தியாவில் புகையிலைப் பழக்கம் 34.6 சதவீதத்திலிருந்து 28.6-ஆக இறங்கியபோது, தமிழ்நாட்டில் 16.2-லிருந்து 20-ஆக ஏறியது. எல்லாத் துறையிலும் முன்னேறிய மாநிலம் அல்லவா.

இங்கே அண்ணா சாலையை ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம், ஒரு காலத்தில் இந்த ஊரின் உச்சி. ஆயுள் காப்பீட்டுக்கு அங்கே போனால், புகைப்பவரா என்று கேட்டு, ஆமாம் என்றால் டெர்ம் பாலிசிக்குப் பிரீமியத்தைக் கூட்டுவார்கள். நியாயம்தான், சீக்கிரம் சாவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதே எல்.ஐ.சி. நாட்டின் மிகப்பெரிய சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யில் சுமார் 15 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. சிகரெட் விற்றால் டிவிடெண்ட், பிடித்தால் கூடுதல் பிரீமியம். இதைக் கேள்வி கேட்டு 2017-ல் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் பொதுநல வழக்குப் போனது. பங்கு இன்னும் பத்திரமாக இருக்கிறது. எமன்கூட இப்படி இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியதாகப் புராணம் இல்லை.

கொழுப்புக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் குற்றவாளிக் கூண்டில் பாதி தவறான ஆளை ஏற்றியிருக்கிறோம். உலக நோய்ச்சுமை ஆய்வு 2019-ல் ஒரு கணக்குச் சொன்னது: தப்பான சாப்பாட்டால் ஆண்டுக்கு 1 கோடியே 10 லட்சம் பேர் சாகிறார்கள், புகையிலையைவிட அதிகம். இதைக் கேட்டதும் சிகரெட்காரர்கள் துள்ளுவார்கள்: "பாத்தியா, உன் போண்டாவைவிட என் கோல்டு ஃப்ளேக் மேல்." அவசரப்படாதீர்கள். எல்லாரும் சாப்பிடுகிறோம், எல்லாரும் புகைப்பதில்லை. தலைக்கணக்கு அதனால் பெருக்கிறது. ஒரு ஆளை எடுத்துக்கொண்டால் சிகரெட் எங்கேயோ போய்விடும். தவிர, அந்த 1 கோடியே 10 லட்சத்தில் முன்வரிசையில் நிற்பது நெய் அல்ல. உப்பு. அதற்கடுத்து, முழுத் தானியம் சாப்பிடாதது, பழம் சாப்பிடாதது. ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயுமாக உப்பைக் குவித்துக்கொண்டு, "நான் எண்ணெய்ப் பண்டமே தொடமாட்டேன்" என்று வீரம் பேசும் மாமாவின் ரத்த அழுத்தம் 160-ல் நின்றுகொண்டு சிரிக்கிறது.

அரிசி இருக்கிறது, மைதா இருக்கிறது, சீனி இருக்கிறது. கோபாலபுரத்திலிருந்து நீரிழிவு மருத்துவர்கள் மோகன், அஞ்சனா குழுவினர் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் இந்தியாவில் 10 கோடிக்கும் மேல் நீரிழிவுக்காரர்கள், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். பால்கோவா வாங்கும்போது "நெய்யில செஞ்சதா, டால்டாவிலயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அதிலிருக்கும் சீனியைப் பற்றி மூச்சு விடாமல் அரைக் கிலோ கட்டச் சொல்லும் இனம் நாம். டால்டா கேள்வி நல்ல கேள்விதான், மறுக்கவில்லை. டிரான்ஸ் கொழுப்பு நிஜமான விஷம். எண்ணெயிலும் வனஸ்பதியிலும் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2022 ஜனவரியில் சட்டமே வந்துவிட்டது. பஜ்ஜிச் சட்டி கதை வேறு. காலையில் பொன்னாக இருக்கும் எண்ணெய் இரவு எட்டு மணிக்குத் தார் நிறத்தில் நுரைக்கும். மேலே கொஞ்சம் புது எண்ணெயை ஊற்றிப் பாவத்தைக் கழுவுவார்கள். கெட்டுப்போன எண்ணெயை அளக்க 25 சதவீத வரம்பு 2018 முதல் இருக்கிறது. அளக்கும் கருவியோடு வந்த அதிகாரியைப் பார்த்த பஜ்ஜிக்கடைக்காரர் யாராவது இருந்தால் எழுதுங்கள், சிலை வைப்போம்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2025-ல் ஒரு காரியம் செய்தது. அலுவலகங்களில் எண்ணெய், சீனி அளவு காட்டும் பலகை வையுங்கள் என்று கடிதம் அனுப்பியது. சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் சிகரெட்போல் எச்சரிக்கையா என்று நாடு கொதித்தது. உடனே அரசு அலறியடித்துக்கொண்டு விளக்கம் தந்தது: இல்லை இல்லை, தெருவோரப் பண்டங்களை நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை! ஒரு சமோசாவின் மானத்தைக் காக்க எத்தனை வேகம். அதே ஆண்டு செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கூட்டம் சிகரெட்டை 40 சதவீதத்துக்கு ஏற்றச் சொல்லி, பீடிக்கு மட்டும் 28-லிருந்து 18-ஆக இறக்கியது. பீடி ஏழையின் பண்டமாம். ஏழையின் நுரையீரலுக்கு இப்படி ஒரு சலுகை.

இந்த மூன்றையும் தராசில் வைத்து எது கனம் என்று விவாதிப்பதே மோசடி என்று சொல்லிவிடுகிறேன். டாஸ்மாக் பாரில் மேசையைப் பாருங்கள். குவாட்டர், பிளாஸ்டிக் டம்ளர், வாட்டர் பாக்கெட், எண்ணெய் சொட்டும் சில்லி சிக்கன், பக்கத்தில் எரியும் சிகரெட். மூன்றும் ஒரே மேசைக்குத்தான் வருகின்றன. வாய், தொண்டைப் புற்றுநோயில் புகையும் குடியும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் அல்ல, பெருக்கல். அந்தப் பெருக்கலின் விடையை அடையாறு காந்தி நகரில் பார்க்கலாம். முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கையோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு வெளியே, வெளியூரிலிருந்து வந்து, கழுத்தில் துண்டைச் சுற்றி வாயை மறைத்துக்கொண்டு, கையில் ஃபைலோடு உட்கார்ந்திருப்பவர்களைக் கேளுங்கள், எது பெரிய கேடு என்று. பலருக்குப் பதில் சொல்ல நாக்கு இருக்காது.

இப்போது கடைக்காரரிடம் போவோம். தமிழ்நாட்டில் சாராயம் விற்கும் டாஸ்மாக் இருப்பது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கீழ். எழுத்துப்பிழை இல்லை. மதுவிலக்கு அமைச்சர்தான் மதுவுக்கும் அமைச்சர். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை அரசு கையில் எடுத்தது. 2003-04-ல் வருமானம் சுமார் 3,640 கோடி. 2024-25-ல் 48,344 கோடி. இடையில் கடை மூடும் திருவிழாக்களும் நடந்தன. 2016-ல் ஜெயலலிதா 500 கடை மூடினார். 2017-ல் எடப்பாடி பழனிசாமி 500 கடை மூடினார். 2023-ல் ஸ்டாலின் 500 கடை மூடினார். கொள்கையில் எத்தனையோ சண்டை போட்ட இரண்டு கழகங்களும் இந்த எண்ணில் மட்டும் ஒற்றுமை. மூட மூட வருமானம் ஏறியது. மதுக்கடையை மூடச்சொல்லி 2015-ல் செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் பிணமாகத்தான் இறங்கினார். அதே ஆண்டு மூடு என்று பாடிய கோவன் மேல் தேசத்துரோக வழக்கு. தடை செய்த குட்கா கடையில் கிடைக்கிறது என்று 2017-ல் பாக்கெட்டைச் சட்டசபையில் தூக்கிக் காட்டிய 21 எம்.எல்.ஏ.க்களுக்கு உரிமை மீறல் நோட்டீஸ். விற்றவனுக்கு இல்லை, காட்டியவனுக்கு.

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் கள்ளச்சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் செத்தார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுத்தார்கள். கொடுக்கட்டும், அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தன? ஆனால் இருபது வருஷம் விசுவாசமாக அரசாங்கச் சரக்கையே வாங்கி, பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடவும் அழுது, வயிறு வீங்கிச் சாகிறானே, அவன் பெண்டாட்டிக்கு என்ன? காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தருகிறார்கள். காலியான ஆளுக்கு அந்த ஏற்பாடும் இல்லை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். அதே தெருமுனையில் பகல் 12 மணிக்கு ஷட்டர் தூக்குகிறவரும் அதே அரசாங்கத்தின் சம்பளக்காரர் என்பதுதான் உறுத்துகிறது.

எனவே மயிலாப்பூர் மாமாவும் தி. நகர் தம்பியும் அடையாறு ஐயாவும் ஒருவரையொருவர் காறித் துப்புவதைக் கொஞ்சம் நிறுத்தலாம். முதலில் சிகரெட்டை விடுங்கள். அறுபது வயதில் விட்டாலும் மூன்று ஆண்டு திரும்பக் கிடைக்கும் என்பது டாலின் கணக்கு, நாற்பதில் விட்டால் ஒன்பது. பிறகு ஓட்டுக் கேட்டு வருகிறவரை வாசலில் நிறுத்தி மூன்றே கேள்வி கேளுங்கள். சிகரெட் பெட்டிக்குப் புண் படம் போடச் சொன்ன நாட்டில், குவாட்டர் பாட்டிலுக்கு மட்டும் ஏன் பொடி எழுத்தில் ஒரு வரி? சிகரெட்டைச் சில்லறையாக விற்பதை நிறுத்த எத்தனை தேர்தல் வேண்டும்? அந்த 48,344 கோடியில் குடியை விடவைக்கும் சிகிச்சைக்குப் போவது எத்தனை ரூபாய்?

பதில் வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.